ஈறு இறங்கிய பல்லுக்கு அண்ணத்திலிருந்து சதை எடுத்தே ஆகவேண்டுமா?

வணக்கம். போன வீடியோவுக்கு வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்றுதான், ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

கேட்டவருக்கு 36 வயது. மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல்லில் ஈறு விலகி, பல் நீளமாகத் தெரிகிறதாம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறதாம். (மேல்பல்லில் ஈறு மேலே ஏறத்தான் செய்கிறது. இருந்தாலும் நம் ஊரில் எல்லாவற்றையும் 'ஈறு இறங்கிடுச்சு' என்றுதான் சொல்வோம், நானும் அப்படியே சொல்கிறேன்.) பார்த்த மருத்துவர், 3 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது, அண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து வைத்துத் தைக்கவேண்டும் என்றிருக்கிறார். இவருக்குப் பயம். "தையலே இல்லாமல் சின்ன ஓட்டை போட்டுச் செய்கிறார்களாமே, அது போதாதா? இல்லை, ஜப்பானில் ஏதோ மருந்து வருகிறதாமே, அதுவரை காத்திருக்கலாமா?" என்று கேட்கிறார்.

எந்த ஆபரேஷன் என்று கேட்பதற்கு முன்னால், ஈறு ஏன் இறங்கியது என்று பார்க்கவேண்டும். இதற்கு ஒரு பழைய ஆய்வைச் சொன்னால் சட்டென்று புரியும். நமக்கு ரொம்ப நெருக்கமான ஆய்வும்கூட.

ஹரால்ட் லோ என்று நார்வேக்காரர் ஒருவர், ஈறு மருத்துவத்தில் பெரிய பெயர். அவருடைய குழு 1969-ல் நார்வேயில் படித்த ஆண்கள் சிலரையும், 1970-ல் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்துக்கொண்டு, 20 வருடம் போல விடாமல் அவர்களுடைய வாயைப் பார்த்துக்கொண்டே வந்தது. நார்வேக்காரர்கள் சிறு வயதிலிருந்தே பல் மருத்துவரிடம் போகிறவர்கள், ஒழுங்காகப் பிரஷ் பிடிக்கிறவர்கள். தோட்டத்து ஆட்களுக்குப் பல் மருத்துவம் என்பதே கிடையாது, பிரஷும் கிடையாது.

யாருக்கு ஈறு முதலில் இறங்கியிருக்கும்? நார்வேக்காரர்களுக்குத்தான்! 20 வயதிலேயே 60 சதவீதம் பேருக்கு இறங்கியிருந்தது. தோட்டத்தில் 20 வயதுக்குள் 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஆனால் வயது ஏற ஏற நிலைமை மாறிவிட்டது. தோட்டத் தொழிலாளர்களில் 30 வயதில் 90 சதவீதம் பேருக்கு, 40 வயதில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் இறங்கிவிட்டது.

இதைவிட முக்கியமானது, எந்தப் பக்கம் இறங்கியது என்பது. நார்வேயில் பெரும்பாலும் கன்னத்துப் பக்கம் மட்டும், அதாவது பிரஷ் அழுத்திப் படுகிற பக்கம். 50 வயதை நெருங்கும்போதும் இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கிற பரப்புகளில் 3, 4 சதவீதத்தில்தான் ஈறு போயிருந்தது. தோட்டத்து ஆட்களுக்கு அதே வயதில் அந்த நடுப்பரப்பிலேயே 40 சதவீதம் போயிருந்தது. காரை படிந்து, அதில் கிருமி தங்கி, எலும்பே கரைந்து ஈறு கீழே போயிருக்கிறது. பெயர் ஒன்றுதான், உள்ளே நடப்பது வேறு வேறு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த தகவல். அந்தத் தோட்டத்து 480 பேரில் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக முற்றியது. 81 சதவீதம் பேருக்கு நிதானமாக. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி ஒன்றுமே ஆகவில்லை! அதே தோட்டம், அதே அழுக்கு. 'எங்க தாத்தா பிரஷே பிடிச்சதில்ல, 80 வயசுல முறுக்கு கடிச்சார்' என்று நம் வீடுகளில் சொல்வார்கள் இல்லையா, அது பொய் இல்லை. தாத்தா அந்த 11-ல் ஒருவர். பேரனும் அதில்தான் இருப்பான் என்று உத்தரவாதம் கிடையாது, அவ்வளவுதான்.

சரி, உங்கள் பல்லுக்கு வருவோம். கண்ணாடி முன்னால் நின்று உதட்டைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு பல்லுக்கு நடுவே ஈறு ஒரு கூம்பு மாதிரி நுழைந்திருக்கும். அந்தக் கூம்பு முழுசாக இருக்கிறதா, அல்லது மழுங்கி, பல்லுக்கு இடையே கறுப்பாக முக்கோணச் சந்து தெரிகிறதா? கூம்பு நன்றாக இருந்து, முன்பக்கம் மட்டும் ஈறு போயிருந்தால் வேரை முழுசாகவே மூடிவிட வாய்ப்பு இருக்கிறது. பல்லிடை எலும்பும் ஓரளவு போயிருந்தால் கொஞ்சம் மூடலாம். முன்பக்கத்தைவிட நடுவில் அதிகமாகப் போயிருந்தால், உலகத்தில் எந்தக் கொம்பன் செய்தாலும் முழுசாக மூடாது. இத்தாலியில் கைரோ என்பவரின் குழு 2011-ல் இதை மூன்று வகையாகப் பிரித்தது, இன்று உலகம் முழுக்க அதைத்தான் வைத்துக்கொள்கிறோம். கண்ணாடியில் பார்ப்பது ஒரு அடையாளத்துக்குத்தான். உங்கள் மருத்துவர் கருவியால் அளந்து, எக்ஸ்ரேயும் எடுத்துத்தான் முடிவு சொல்லவேண்டும்.

உங்களுக்கு ஒரு பல்லில் மட்டும், அதுவும் இடப்பக்கக் கோரைப்பல்லில். நீங்கள் வலதுகைப் பழக்கக்காரராகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வலதுகையால் பிரஷ் பிடிக்கும்போது முதல் வேகம் முழுக்க அங்கேதான் விழும். கோரைப்பல் வேர் வெளியே புடைத்து நிற்கும், அதன் மேல் எலும்பு வெற்றிலை மாதிரி மெல்லிசு. சிலருக்கு அந்த இடத்தில் எலும்பே இருக்காது. நார்வேக்காரர் வகை என்றுதான் என் ஊகம்.

இப்போது அந்த அண்ணத்துச் சதை விஷயம். கேட்கும்போது பயமாகத்தான் இருக்கும், உள்ளே என்ன செய்கிறோம் என்று சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

முன்பெல்லாம், அதாவது 1960-களில், அண்ணத்து மேல்தோலோடு சேர்த்து ஒரு துண்டை எடுத்து அப்படியே ஒட்டினார்கள். ஒட்டிக்கொள்ளும், ஆனால் நிறம் சேராது. சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டின மாதிரி வெளிறித் தனியாகத் தெரியும். எடுத்த இடமும் திறந்த புண்ணாகக் கிடக்கும். 1985-ல் லாங்கர் தம்பதி வேறு வழி எழுதினார்கள். மேல்தோலை அங்கேயே விட்டுவிட்டு, கதவைத் திறப்பது போலத் திறந்து, அடியில் இருக்கிற இணைப்புத் திசுவை மட்டும் எடுப்பது. கோரைப்பல்லுக்குப் பின்னாலிருந்து முதல் கடைவாய்ப்பல் வரை ஒரு பகுதி இருக்கிறது, அங்கேதான் எடுப்போம். இன்னும் உள்ளே போனால் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, அதன் பக்கம் போகமாட்டோம். எடுத்த துண்டு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். இளநீர் குடித்துவிட்டு வழுக்கையைச் சுரண்டுவோமே, அப்படி வெளுப்பாக, வழவழவென்று இருக்கும். எடுத்ததும் கதவை மூடித் தைத்துவிடுவோம்.

அடுத்த பாதிதான் கஷ்டமான பாதி. பல் வேரின் மேல் ரத்த ஓட்டம் கிடையாது, அது கல் மாதிரி. கல்லின் மேல் நாற்று நட்டால் பிழைக்குமா? அதனால் இந்தத் துண்டை வேரின் மேல் வைத்து, சுற்றிலும் இருக்கிற ஈறைத் தளர்த்தி, கீழே இழுத்து அதற்குப் போர்வை மாதிரி போர்த்திவிடுகிறோம். முதல் இரண்டு மூன்று நாள் அந்தத் துண்டு சுற்றுப்புறத்திலிருந்து ஊறுகிற நீரை வைத்துத்தான் உயிர் பிழைக்கிறது. அதன்பிறகுதான் புது ரத்தக்குழாய்கள் நுழைகின்றன. 'உதட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள், தையல் எப்படி இருக்கிறது என்று செல்பி எடுக்காதீர்கள்' என்று நாங்கள் கெஞ்சுவது இதற்காகத்தான். துண்டு அசைந்தால் போச்சு. சிகரெட் பிடித்தாலும் ரத்த ஓட்டம் குறைந்து பலன் பாதியாகிவிடலாம். பிடிக்கிறவர் என்றால் முதலில் அதை விடுங்கள், அப்புறம் ஆபரேஷன் பேசலாம்.

'ஈறை மட்டும் இழுத்துத் தைத்தால் போதாதா, சதை எதற்கு?' இது நியாயமான கேள்வி. ஃபிளாரன்ஸ் நகரத்தில் பினி பிராட்டோ என்பவரின் குழு இதை அழகாகச் சோதித்தது. 13 பேர், வாயின் இரண்டு பக்கமும் ஈறு இறங்கியவர்கள். ஒரு பக்கம் ஈறை இழுத்துத் தைத்தார்கள். மறுபக்கம் இழுத்து, அடியில் அண்ணத்துத் திசுவும் வைத்தார்கள். ஈறு ஆராய்ச்சியில் இது ஒரு வசதி, ஒரே ஆளின் இடமும் வலமும் போட்டி போடலாம். அதே எச்சில், அதே சாப்பாடு, அதே கை. ஆறு மாதத்தில் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கேயே நிறுத்தியிருந்தால் சதை வீண் என்று எழுதியிருப்பார்கள். விடாமல் 5 வருடம் பார்த்தார்கள். சதை வைத்த பக்கம் 52 சதவீதப் பற்களில் வேர் முழுசாக மூடியிருந்தது, வைக்காத பக்கம் 35 சதவீதம். வெறுமனே இழுத்துத் தைத்த ஈறு மெதுவாகத் திரும்ப இறங்கியிருந்தது. சதை வைத்த பக்கம் ஈறு இன்னும் கொஞ்சம் முன்னேறியே வந்திருந்தது. 2010-ல் வெளியான ஆய்வு இது. யாராவது ஆறு மாதப் போட்டோவைக் காட்டி 'பாருங்க சார்' என்றால், எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும்.

அப்படிப் பார்த்தால் அந்த 'சின்ன ஓட்டை' முறை? அதுவும் நிஜமான முறைதான், ஏமாற்று இல்லை. கலிஃபோர்னியாவில் ஜான் சாவ் என்பவர் 2012-ல் வெளியிட்டார். உதடு மடிப்புக்குப் பக்கத்தில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் துளை. அதன் வழியாக வளைந்த கருவியை விட்டு ஈறைப் பின்னாலிருந்து தளர்த்தி, கீழே நகர்த்தி, கொலாஜன் என்ற புரதத்தால் ஆன பட்டைகளைத் திணித்து அண்டக் கொடுப்பார்கள். பல பற்களை ஒரே தடவையில் முடிக்கலாம், அண்ணத்தில் புண் இல்லை, தையலும் இல்லை. ஆனால் அவர் வெளியிட்டது தன்னிடம் வந்தவர்களின் பலனைத் தொகுத்த அறிக்கை. இன்னொரு முறையோடு நேருக்கு நேர் மோதிய சோதனை இல்லை. 'கத்தி இல்லை' என்பதும் விளம்பரப் பேச்சு. ஈறை எலும்பிலிருந்து பிரிக்கத்தான் செய்கிறார்கள், வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் ஈறு கனமாக இருந்தால் யோசிக்கலாம். மெல்லிசாக, அடியில் ரத்தக்குழாய் தெரிகிற மாதிரி இருந்தால், நான் சதை வைக்கவே சொல்வேன்.

அண்ணத்தைத் தொடவே கூடாது என்றால் மாற்று உண்டு. பதப்படுத்திய தோல் திசு வைக்கலாம். எனாமல் புரதம் என்று ஒரு களிம்பு இருக்கிறது, சுவீடனில் ஹாமர்ஸ்ட்ரோம் குழுவின் ஆராய்ச்சியில் பிறந்தது. உங்கள் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்துச் சுழற்றி, அதில் உறைகிற ஜவ்வை வைப்பதும் உண்டு, பிரான்சில் ஷுக்ரூன் 2001-ல் கொண்டுவந்தது. இவற்றில் எதுவும் அண்ணத்துத் திசுவை இன்னும் முந்தவில்லை என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த எனாமல் களிம்பு பன்றிக்குட்டியின் பல்முளையிலிருந்து எடுப்பது. தோல் திசுவில் ஒரு வகை, இறந்தவர் தானம் செய்தது. மத வழக்கம், சைவ உணவு என்று யாருக்கு எது உறுத்தும் என்று மருத்துவருக்குத் தெரியாது. நீங்களே 'இது எதிலிருந்து எடுத்தது?' என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஜப்பான் மருந்து. இதில் இரண்டு செய்திகளைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். பல் முளைக்க வைக்கும் மருந்து என்று பேப்பரில் வந்தது, கியோட்டோவில் 2024-ல் மனிதர்களிடம் முதல்கட்டச் சோதனை ஆரம்பித்தது. அது பல் இல்லாதவர்களுக்கு. ஈறுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று, திசு வளர்ச்சியைத் தூண்டும் புரதம், 2016-லேயே அங்கே அனுமதி கிடைத்துவிட்டது. அது நோயால் எலும்பு பள்ளமான இடத்துக்கு, அதையும் ஆபரேஷன் செய்து திறந்துதான் வைக்கவேண்டும். மாத்திரை போட்டு ஈறு வளரும் என்று எதுவும் இல்லை. அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

ஆனால் ஆபரேஷனுக்கு அவசரம் உண்டா என்றால், அதுவும் இல்லை. பல் கூச்சம் மட்டும்தான் தொந்தரவு என்றால் முதலில் பல் கூச்சத்துக்கான பேஸ்ட், ஃப்ளூரைடு பூச்சு, வேர் அருகே குழி விழுந்திருந்தால் அடைப்பு. இரண்டு மூன்று மாதம் பாருங்கள். ஈறு மேலும் இறங்குகிறதா, சிரிக்கும்போது உறுத்துகிறதா, அப்போது ஆபரேஷன். நடுவில் ஒரு சந்தேகம் நிறையப் பேர் கேட்பது: பல் சுத்தம் செய்தால் ஈறு இறங்குமா? இறங்காது. வீங்கியிருந்த ஈறு வற்றும், மூடியிருந்த காரை போகும், ஏற்கெனவே இறங்கியிருந்தது கண்ணுக்குத் தெரியும். பழி எங்கள் மேல் விழும்.

என்னிடம் ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். இதே கோரைப்பல், இதே 3 மில்லிமீட்டர். சதை வைத்துத் தைத்தேன், அருமையாக மூடியது. இரண்டு வருடம் கழித்து வந்தார், பாதி போயிருந்தது. எனக்கு முகம் செத்துவிட்டது. என் தையலில் தப்பா, எடுத்த துண்டு மெல்லிசா என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் 'வீட்டில் இருக்கிற பிரஷைக் கொண்டு வாங்க சார்' என்றேன். கொண்டு வந்தார். 'ஹார்டு' என்று போட்டிருந்தது, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லையாம். இழைகள் எல்லாம் நாலாபக்கமும் விரிந்து, வாசல் கூட்டித் தேய்ந்த விளக்குமாறு மாதிரி இருந்தது. 'அழுத்தித் தேய்ச்சாதான் சார் சுத்தம் பண்ணின மாதிரி இருக்கு' என்றார். முதல் நாளே நான் அதைப் பார்த்திருக்கவேண்டும், பார்க்கவில்லை.

அதனால் அடுத்த தடவை உங்கள் மருத்துவரிடம் போகும்போது எக்ஸ்ரேயோடு, இன்று காலையில் நீங்கள் பல் தேய்த்த பிரஷையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.