சுவரேறிய அப்பாக்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

2015 மார்ச்சில் பத்திரிகைகளில் வந்த ஒரு படம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பீகார், வைசாலி மாவட்டம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. மாடிக் கட்டடத்தின் ஜன்னல்தோறும் ஆட்கள் தொற்றிக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே எழுதும் பிள்ளைகளுக்குப் பிட்டு கொடுக்க ஏறிய அப்பாக்கள், சொந்தக்காரர்கள். நாமெல்லாம் பார்த்துச் சிரித்தோம்.

எனக்கு வயிறு கலங்கியது. கால் வழுக்கினால் ஆள் போச்சு. பிள்ளைக்காக உயிரையே பணயம் வைக்கிறார், சரி. ஆனால் அதே கையில்தான் பிட்டும் இருக்கிறது.

பீகார்தானே என்று சாய்ந்து உட்காராதீர்கள். 2019-இல் நம் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் ஆள்மாறாட்டம் பிடிபட்டது. நீட் எழுதியது ஒருவர், வகுப்பில் உட்கார்ந்திருந்தது வேறொருவர். மாணவரோடு அப்பாவும் கைதானார். இல்லாதவர்கள் செய்கிற வேலை என்றும் தள்ள முடியாது. அதே ஆண்டு அமெரிக்க நடிகை ஃபெலிசிட்டி ஹஃப்மனுக்கு 14 நாள் சிறைத் தண்டனை கிடைத்தது. கல்லூரியில் சேர மகள் எழுதிய எஸ்.ஏ.டி. தேர்வின் விடைகளைத் திருத்த 15,000 டாலர் கொடுத்திருந்தார். மகளுக்கே அது தெரியாது.

இதெல்லாம் எங்கே தொடங்குகிறது? நாம் பட்ட பாட்டைப் பிள்ளையிடம் கணக்காகச் சொல்லும் இடத்தில் என்று நினைக்கிறேன். 'உனக்காக எவ்வளவு செலவு தெரியுமா?' கணக்கு சொன்னால் வசூலும் உண்டு என்று பிள்ளைக்குத் தெரியாதா? வசூலாகாது போலிருந்தால் நாமே சுவரேறுகிறோம்.

நான் முப்பது வருஷம் தேர்வறையில் நின்றவன். ஒருமுறை, கணக்குப் பரீட்சை. ஒரு பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸ் மூடியின் உள்பக்கம் மடித்து ஒட்டிய காகிதம். பிட்டு என்று நினைத்துப் பிய்த்தேன். பிரித்தால் அடகுச் சீட்டு நகல்! மூன்று பவுன் செயின், அம்மா பெயர், மீட்க வேண்டிய தேதி.

'அப்பாதான் ஒட்டினார் சார், பார்த்துக்கிட்டே எழுதச் சொன்னார்' என்றாள். விடைத்தாளைப் பார்த்தேன். சரியாகப் போட்டிருந்த கணக்கையே அடித்து அடித்துத் திரும்ப எழுதியிருந்தாள். விதிப்படி மேலே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பறக்கும் படை வந்திருந்தால் என் பாடு திண்டாட்டம்தான்.

பெல் அடித்ததும் கேட்டுக்கு வெளியே நின்றவரைத் தேடிப் போய்ச் சீட்டை நீட்டினேன். 'இது உங்களிடமே இருக்கட்டும்' என்றேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

'பாப்பா எல்லாக் கணக்கும் போட்டுட்டாளா சார்?' என்றார்.