கல் இல்லாத கல்லறைகள்

(மூணாறு மலையில், ஓர் எஸ்டேட் ஆலயத்தின் பணியாளரான கோயில்பிள்ளைக்காக நடந்த நினைவுக் கூட்டத்தில் பேசியது)

போதகர் ஐயா அவர்களே, கமிட்டி அங்கத்தினர்களே, போடியிலிருந்தும் கயத்தாற்றிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் உறவினர்களே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து குடையும் கம்பளியுமாக வந்திருக்கும் என் சொந்தங்களே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நம் கோயில்பிள்ளை தாத்தாவின் பொறுமையைப் பற்றியும் ஜெபத்தைப் பற்றியும் எனக்கு முன் பேசியவர்கள் நிறையச் சொன்னார்கள். அத்தனையும் உண்மை. நான் அவர் செய்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். இந்தச் சபையில் யார் இறந்தாலும் குழி வெட்டியவர் அவர். வெட்டிய ஒரு குழியையும் அவர் மறக்கவில்லை.

அவர் பிறந்தது திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில். வயதைக் கேட்டால், பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சியை வைத்துக் கணக்குச் சொல்வார். 1946-இல் இரவிகுளம் பக்கம் மலை நீலமானபோது அரைக்கால் சட்டைப் பையனாக இருந்தாராம். அதிலிருந்து 2018 வரை ஏழு முறை குறிஞ்சி பூத்ததைப் பார்த்த கண்கள் அவை. அவருடைய தகப்பனார் போடி, குரங்கணி வழியாகக் கால்நடையாக ஏறி வந்தவர். நம் ஆலயத்தில் மணிக்குப் பதிலாகத் தொங்குகிறதே தண்டவாளத் துண்டு, அது மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஓடிய குண்டளை ரயிலுடையது, 1924 வெள்ளம் அந்த ரயிலை அழித்த பிறகு கிடைத்தது என்று தகப்பனார் சொன்னதை அவர் நமக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஞாயிறு காலையில் அதை வேகமாக அடிப்பார். சாவுக்கு அடிக்கும்போது ஓர் அடி ஓய்ந்து முழுவதும் அடங்கிய பிறகுதான் அடுத்த அடி விழும். கொழுந்துக்காட்டில் நிற்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டு, எந்த லயம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பழைய மூணாற்றில் குன்றின் மேல் 1911-இல் திறக்கப்பட்ட கருங்கல் ஆலயத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டம் ஆலயத்துக்கும் மூத்தது. 1894-இல் காலராவில் இறந்துபோன ஓர் இளம் ஆங்கிலேயப் பெண்ணை அங்கே அடக்கம் செய்தார்கள். அவளுடைய பெயரைச் சுற்றுலா வருகிறவர்கள் இன்றும் வாசித்துவிட்டுப் போகிறார்கள். வாசிக்கட்டும், அவளும் யாரோ பெற்ற பிள்ளைதான். ஆனால் தேயிலை போட முடியாத சரிவு என்று விட்டுவைத்த நம்முடைய கல்லறைத் தோட்டத்தில் எத்தனை பெயரை வாசிக்க முடியும்? மரச் சிலுவை நட்டால் நம் மழைக்கு எத்தனை வருடம் நிற்கும்? மண்மேடு கரைந்து புல் மூடிவிடுகிறது. கவாத்து வெட்டி, மருந்தடித்து, கொழுந்து சுமந்து முதுகு வளைந்தவர்கள் படுத்திருக்கும் இடத்தில் ஓர் அடையாளமும் இல்லை.

அந்த அடையாளத்தைத்தான் தாத்தா ஒரு நோட்டில் எழுதி வைத்தார். போன வாரம் அவருடைய பேரன் அதை என் கையில் கொடுத்தான். ஆள் வருகையைப் பதியும் பழைய செக்ரோல் புத்தகத்தின் தடித்த அட்டைக்குள் தைத்த தாள்கள். ஒரு வரியை அப்படியே சொல்கிறேன்: இறந்த தேதி, பெயர், லயத்தின் நம்பர், சொந்த ஊர், அதற்குப் பிறகு, "கிராண்டிஸ் மரத்திலிருந்து தெற்கே ஒன்பது அடி, தலை மேற்கு." கிராண்டிஸ் என்றால் அந்தச் சரிவில் நிற்கும் யூகலிப்டஸ் மரம். எல்லா வரியும் இப்படியே போகிறது. பிறந்து மூன்றாம் நாள் இறந்த குழந்தைக்கும் அடிக்கணக்கு இருக்கிறது. பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட பிள்ளைக்குத் தாயின் பெயரை எழுதியிருக்கிறார்.

சில வருடங்களுக்கு முன் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். சிறு வயதில் இங்கே தாயை இழந்தவர். தகப்பனார் ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போன குடும்பம். தாயின் கல்லறையைத் தேடி, தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தாத்தா நோட்டைப் புரட்டவும் இல்லை. "வா தாயி" என்று முன்னால் நடந்தார். கவாத்துக் கத்தியால் புல்லை ஒதுக்கினார், மரத்திலிருந்து பாதத்தை ஒட்டி ஒட்டி வைத்து அளந்தார், நின்றார். "இதுதான் தலைமாடு. நீ இங்கே உட்கார்" என்றார். அந்த அம்மாள் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தாத்தா விலகிப் போய்ச் சரிவின் கீழே நின்றுகொண்டார். நான் அங்கே இருந்தேன். பிறகு தாத்தா நோட்டைக் காட்டியபோது, அந்த அம்மாளின் மகள் தன் பாட்டியின் பெயரை அன்றுதான் எழுத்தில் பார்த்தாள்.

2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் லயங்களின் மேல் மலை சரிந்து இறங்கியது. 70 பேர் போனார்கள், நான்கு பேருடைய உடல் கிடைக்கவே இல்லை. அவர்கள் நம் சபைப் பதிவேட்டில் இருந்தவர்களா என்று தாத்தா பார்க்கவில்லை. பேப்பரில் வந்த பெயர்களை ஒவ்வொன்றாக அந்த நோட்டில் ஏற்றினார். அடிக்கணக்கு எழுத வேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறார்.

ஆதியாகமத்தில் அவருக்குப் பிடித்த இடம், சாராளை அடக்கம் செய்ய ஆபிரகாம் நிலம் வாங்கும் அதிகாரம். கானான் முழுவதும் உனக்கு என்று வாக்குப் பெற்றவனுக்குக் கையில் ஒரு சாண் மண் கிடையாது. 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து மக்பேலாக் குகையை வாங்கினான். அந்த நாட்டில் அவன் விலைக்கு வாங்கியதாக நாம் வாசிக்கும் முதல் நிலம் கல்லறை நிலம். இதை வாசிக்கும்போதெல்லாம் தாத்தாவின் குரல் தழுதழுக்கும். காரணம் உங்களுக்குத் தெரியும். வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. 1956-இல் மூணாறு அடங்கிய தேவிகுளம் எந்த மாநிலத்துக்கு என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள், தாத்தா கேரளத்துத் தமிழரானார், இருந்தும் பட்டா என்று ஒரு காகிதம் அவர் கைக்கு வரவில்லை. நம்மை எழுப்பி அனுப்பாத நிலம் இந்த மலையில் அந்தச் சரிவு ஒன்றுதான். அதனால்தான் அவர் அதை அடி அடியாக அளந்து வைத்தார்.

இப்போது கமிட்டி முன் ஒரு விண்ணப்பம். தாத்தாவுக்குப் பளிங்குக் கல் வைக்க வேண்டும் என்று பணம் சேர்ந்திருக்கிறது. கொடுத்தவர்களின் அன்பை வணங்குகிறேன். ஆனால் அவரைச் சுற்றிப் படுத்திருப்பவர்களுக்கு ஒன்றும் இல்லாமல் அவருக்கு மட்டும் பளிங்கு வைத்தால், அவர் எழுந்து வந்து வேண்டாம் என்பார். அந்தப் பணத்தில் சிறிய சிமெண்டுக் கற்கள் வார்ப்போம். பெயர், வருடம், சொந்த ஊர், அவ்வளவு போதும். அவருடைய கல்லும் அதே அச்சில் வரட்டும். பணம் பற்றாவிட்டால் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க வேண்டுகிறேன்.

வாலிபர் சங்கத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். கிராண்டிஸ் மரத்தை வெட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அது போய்விட்டால் நோட்டில் உள்ள அளவுகளுக்கு ஆதாரம் போய்விடும். வரும் சனிக்கிழமை டேப்பும் முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நோட்டை நான் கொண்டுவருகிறேன். வடக்கு வரிசையிலிருந்து தொடங்குவோம், அங்கேதான் புல் அதிகம்.