விடியலுக்குக் காத்திருக்கும் காவல்காரர்

(நீலகிரி, கேத்தியில் லெந்து கால (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குளிரில் வந்திருக்கிறீர்கள், நீட்டி முழக்க மாட்டேன்.

2009 நவம்பர் மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் போனார்கள். அந்த வாரம் ஒரு துக்க வீட்டில் இருந்தேன். ஒரு பாட்டி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். ஜெபிக்க வந்த ஒருவர் குறுக்கே புகுந்து, "விசுவாசிங்க இப்படி அழக் கூடாது, ஸ்தோத்திரம் சொல்லுங்கம்மா" என்றார். பாட்டி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். நானும் பேசாமல் நின்றேன். இன்றுவரை உறுத்துகிறது.

வேதாகமத்தில் உள்ள ஜெபப் பாட்டுகளான சங்கீதங்களில் 13ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை "எதுவரைக்கும்". இது ஒப்பாரி இல்லாமல் வேறென்ன? ஒப்பாரியிலும் ஒரே சொல்தான் சுற்றிச் சுற்றி வரும். வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். சரி, 13ஆவது கடைசியில் பாட்டாக முடிகிறது. 88ஆவது அதுகூட இல்லை. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே "இருள்". யாரும் அதை வெட்டி எறியவில்லை, 150 சங்கீதங்களில் அதுவும் ஒன்று. சிலுவையில் ஆண்டவர் வாயில் வந்ததும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரிதான்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அவரிடம் போய் யாராவது ஸ்தோத்திரம் சொல்லச் சொல்வார்களா?

அப்புறம் 121. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று நமக்கு மனப்பாடம். பாதி வீட்டுக் காலண்டரில் மலைப் படத்தோடு தொங்குகிறது. கத்தோலிக்க நண்பர் வீட்டு வேதாகமத்தைத் திறந்தால் அதே இடத்தில் கேள்விக்குறி: "எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" எபிரெயத்தையும் அப்படித்தான் பலர் வாசிக்கிறார்கள். 120 முதல் 134 வரை உள்ள 15 ஆரோகண சங்கீதங்களில் இதுவும் ஒன்று. எருசலேமுக்கு மேடேறிப் போனவர்கள் பாடியவை என்பார்கள். கால் தள்ளாடுமோ என்ற பயம் அதற்குள்ளேயே இருக்கிறது. மழை இருட்டில் பர்லியாறு மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் ஏறி வந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, ஒரு மூச்சு நின்று, அப்புறம் ஒத்தாசை கர்த்தரிடத்திலிருந்து வரும் என்று பதில் சொல்கிற இரண்டாம் வசனத்துக்குப் போங்கள். நாம் நிற்பதே இல்லை, பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில் ஒப்பித்துவிடுகிறோம்.

இன்றைக்கு 130ஐ எடுப்போம். அதில் விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரர், அதாவது இரவுக் காவல்காரர், வருகிறார். கேரட் தோட்டத்தில் காட்டுப்பன்றி வராமல் காவல் இருந்தவர்கள் இங்கே உண்டு. தகரத்தைத் தட்டித் தட்டிக் கை மரத்துப்போய், நாலு மணிக்கு மேல் உறைபனி இறங்கும்போது கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். விடியும் என்று தெரியும்; ஆனாலும் குளிர் குறையாது. அந்த வசனத்தை நீங்கள்தான் சத்தமாக வாசிக்க வேண்டும், நான் இல்லை.

இடது பக்கம் இருக்கிறவர்கள் வசனத்தின் முதல் பாதியைச் சொல்லுங்கள். நடுவில் ஒரு மூச்சு. வலது பக்கம் மறுபாதி. யாருக்காவது அழுகை வந்தால், பக்கத்தில் இருப்பவர் தடுக்க வேண்டாம்.