நிம்மதி யாருக்கு?

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, அசையாத நம்பிக்கையோடு எதிரே அமர்ந்திருக்கும் நண்பர்களே, இவ்வளவு நேரமும் கலையாமல் கேட்டுக்கொண்டிருக்கும் அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

'மனித வாழ்வுக்குப் பெரிதும் துணை நிற்பது தேடும் ஆர்வமா, நிலைத்த நம்பிக்கையா?' என்பது இன்றைய தலைப்பு. தேடும் ஆர்வமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மிக அழகாகப் பேசினார். நாளெல்லாம் உழைத்துக் களைத்தவனுக்குக் கேள்வி எதற்கு, அவனுக்கு வேண்டியது நிம்மதி என்றார். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று பழமொழியும் சொன்னார். அவை கைதட்டியது, நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. அந்த ஆழத்தை அளந்து சொன்னவன் யார், ஐயா? கரையிலேயே உட்கார்ந்திருந்தவனா?

போகட்டும். எதிரணியினர் இன்று ஒரு படம் வரைந்து காட்டினார்கள். ஒருபக்கம் எதையும் நம்பாமல் எல்லாவற்றையும் குடைந்துகொண்டே இருக்கும் அறிவாளி. மறுபக்கம் நம்பியதைப் பற்றிக்கொண்டு அமைதியாக வாழும் எளிய மனிதர். இந்தப் படம் தவறு. நம்பிக்கை தரும் சுகத்துக்கு முதலில் அடிமையாகிறவர் அறிவாளிதான். எளிய மனிதரையாவது பசியும் நோயும் வந்து உலுக்கும். பெரிய நாற்காலியில் அமர்ந்துவிட்டவரை உலுக்குவதற்கு ஆள் கிடைப்பதில்லை.

சான்றுக்கு ஒரே மனிதரை இரண்டு முறை உங்கள் முன் நிறுத்துகிறேன். ஆர்தர் எடிங்டன், இங்கிலாந்தின் வானியல் அறிஞர். 1919ஆம் ஆண்டு மே 29 அன்று முழுச் சூரிய கிரகணம். ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் பிரின்சிபே என்ற சிறு தீவில் கருவிகளோடு காத்திருக்கிறார். காலையில் மழை, பிறகு மேகம். மேகம் விலகிய இடைவெளிகளில் கிடைத்த சில படங்களை வைத்துக்கொண்டு, சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கிறார். நியூட்டனின் கணக்குப்படி ஓர் அளவு. ஐன்ஸ்டைனின் கணக்குப்படி அதைப்போல் இரு மடங்கு. அளவைகள் ஐன்ஸ்டைன் பக்கம் சாய்ந்தன. இருநூறு ஆண்டுகளாக ஆட்டம் காணாத ஒரு நம்பிக்கையை, அதுவும் நியூட்டனின் சொந்த நாட்டுக்காரர், அசைத்துக் காட்டினார். உலகப் போர் ஓய்ந்து ஏழு மாதங்கள்கூட ஆகாத நேரம். எதிரி நாட்டின் தலைநகரில் இருந்தவர் எழுதிய கணக்கு அது. 'நமக்கேன் வம்பு' என்று அவர் இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

இப்போது அதே மனிதரை மறுபடியும் அழைக்கிறேன். 1935 ஜனவரி 11, லண்டன், ராயல் வானியல் கழகத்தின் கூட்டம். 24 வயது சுப்ரமணியன் சந்திரசேகர் எழுந்து தன் கணக்கைச் சொல்கிறார். 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் வரும் வழியிலேயே அவர் தொடங்கிய கணக்கு அது. எரிந்து முடிந்த ஒரு நட்சத்திரத்தின் நிறை, சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் இருந்தால் அது வெண்குறளி என்ற சிறிய, அடர்ந்த நட்சத்திரமாக அமைதி கொள்ள முடியாது, சுருங்கிக்கொண்டே போகும். அவர் அமர்ந்ததும் எடிங்டன் எழுகிறார். அதற்கு முந்திய மாதங்களில் அந்த இளைஞரின் அறைக்கே வந்து கணக்கின் முன்னேற்றத்தை விசாரித்துக்கொண்டிருந்தவர் அவர். இப்போது என்ன சொல்கிறார்? இந்தக் கணக்கு சரியென்றால், நட்சத்திரம் சில கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கி, ஒளியைக்கூட வெளியே விடாத ஈர்ப்பை அடைந்த பிறகுதான் அதற்கு நிம்மதி கிடைக்கும் போலிருக்கிறது என்கிறார். அவையில் சிரிப்பு. பிறகு, நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாதபடி தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்.

நடுவர் அவர்களே, இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்று நாம் கருந்துளை என்று சொல்வதை அவர் அன்றைக்கே வாயால் வருணித்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் அவ்வளவு தெளிவாக அதைக் கண்டவர் வேறு யாரும் இருந்திருப்பார்களா என்பதே ஐயம். கண்டும், 'இப்படி இருக்கக் கூடாது' என்று ஒதுக்கிவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்! பிரின்சிபே தீவில் மழையில் காத்திருந்த அதே கண்கள்தாம் இவை. இடையில் நடந்தது என்ன? பதினாறு ஆண்டுகளில் அவருக்கென்று ஒரு பிரபஞ்சம் அமைந்துவிட்டது. அதில் அவர் சுகமாகக் குடியிருந்தார். இளைஞரின் கணக்கு அந்தக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னது. சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. எம்87 என்ற பேரடையின், அதாவது ஒரு பெரும் நட்சத்திரக் கூட்டத்தின், நடுவில் இருக்கும் கருந்துளையின் நிழல், படமாகவே 2019இல் உலகத்தின் பார்வைக்கு வந்தது.

கேள்வி கேட்பது உறவை முறிக்கும் என்று எதிரணி நண்பர் வருத்தப்பட்டாரே, அதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. எடிங்டன் 1944இல் மறைந்தபோது, அவருடைய அறிவியல் பெருமையை மனமாரப் பாராட்டிப் பேசியவர்களில் சந்திரசேகரும் ஒருவர். கணக்கில் விட்டுக்கொடுக்காதவர், மரியாதையிலும் குறை வைக்கவில்லை.

சரி, இது வானத்துக் கதை. நட்சத்திரம் சுருங்கினால் நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். எதிரணியின் ஆணிவேர் வாதத்துக்கு வருகிறேன். நம்பிக்கை நிம்மதி தருகிறது என்கிறார்கள். தருகிறது, நான் மறுக்கவில்லை. யாருக்குத் தருகிறது? இதைத்தான் அவர்கள் சொல்லாமல் தாண்டிப் போனார்கள்.

1980களின் முற்பகுதி வரைக்கும், பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்பது மருத்துவ உலகில் பரவலாக வேரூன்றியிருந்த நம்பிக்கை. நரம்புகள் முதிரவில்லை, அழுகையெல்லாம் அனிச்சைச் செயல் என்று விளக்கம். மயக்க மருந்தை அந்தச் சின்ன உடல் தாங்காது என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது; அந்த அச்சத்தில் நியாயம் இருந்ததையும் சொல்லியாக வேண்டும். ஆக, குறைமாதக் குழந்தைகளுக்குத் தசைகளை அசையவிடாமல் செய்யும் மருந்தையும், கூடவே வலுக்குறைந்த நைட்ரஸ் ஆக்சைடையும் கொடுத்து மார்பைத் திறந்தார்கள். குழந்தை கையை உதறவில்லை, உதற முடியாது. அழவில்லை, அழவும் முடியாது. அறுவை அறையில் நல்ல அமைதி.

ஆக்ஸ்போர்டில் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இளம் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். ஓரளவு சீரான நிலையில் அறுவைக்குப் போகும் குழந்தைகள், திரும்பி வரும்போது வெளிறிப்போய், நாடி படபடக்க, நிலைகுலைந்து வருகிறார்கள். அறுவை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவரும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த குழந்தையைப் பார்க்கப் போயிருக்கலாம். அவர் அறுவை அறைக்கே போய் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தார். பிறகு இரத்தத்தில் ஹார்மோன்களை அளந்தார். குறைமாதக் குழந்தைகளை இரு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்கு வழக்கமான முறையோடு ஃபென்டனில் என்ற வலி நீக்கியும் சேர்க்கப்பட்டது. வலி நீக்கி பெற்ற குழந்தைகளின் உடல் பட்ட பாடு வெகுவாகக் குறைந்திருந்தது. அறுவைக்குப் பிந்திய சிக்கல்களும் குறைந்திருந்தன. 1987இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும், வயதைக் காரணம் காட்டிக் குழந்தைக்கு மயக்க மருந்தையும் வலி நீக்கியையும் மறுப்பது சரியன்று என்று அறிவித்தது.

அந்தப் பழைய நம்பிக்கை கத்தி பிடித்தவருக்கு நிம்மதி தந்தது. அவர் கொடியவர் அல்லர்; குழந்தையைப் பிழைக்க வைக்கப் போராடியவர். நிம்மதி இல்லாமல் அந்த வேலையைச் செய்யவும் முடியாது. ஆனால் அந்த நிம்மதிக்கான விலையைக் கொடுத்தது கத்திக்குக் கீழே கிடந்த உயிர். அதனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. நிலைத்த நம்பிக்கை என்று எதிரணியினர் போற்றுகிற பலவற்றின் வரவு செலவு இப்படித்தான் இருக்கிறது. வரவு ஒருவர் பெயரில், செலவு இன்னொருவர் தலையில்.

வயிற்றுப்புண்ணின் கதையும் அதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மன அழுத்தமும் அமிலமுமே காரணம் என்று நெடுங்காலம் சொன்னார்கள். நோயாளி வலியோடு வந்தால், 'நீங்கள் அதிகம் கவலைப்படுகிறீர்கள்' என்று பழியையும் அவர்மேல் போட்டு அனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு சொன்னபோது, அவ்வளவு அமிலத்தில் எந்த உயிர் பிழைக்கும் என்று கேட்டார்கள். மார்ஷல் 1984இல் அந்தப் பாக்டீரியா கலந்த நீரைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி, இரைப்பையில் அழற்சி. (இந்த முறையை நான் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை, எதிரணி நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டாம்.) 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அதற்கு முன் கொடுக்கப்பட்டுவந்த அமிலம் குறைக்கும் மாத்திரை, விழுங்கிக்கொண்டிருக்கும் வரை சுகம் தந்தது. நிறுத்தினால் பலருக்குப் புண் திரும்பி வந்தது. எதிரணியினர் சொல்லும் நிம்மதியும் எனக்கு அந்த மாத்திரையைப் போலத்தான் தெரிகிறது.

எல்லாவற்றையும் ஒருவர் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா, விமானத்தில் ஏறியதும் நீங்கள் தூங்குவதில்லையா என்று கேட்டார்கள். தூங்குகிறேன், ஐயா. விமானி தூங்கவில்லை என்பதால் தூங்குகிறேன். ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் அவர் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்க்கிறார். எங்கோ ஒரு விமானம் விழுந்தால், 'விதி' என்று சொல்லிவிட்டுப் போகாமல் துண்டு துண்டாகப் பொறுக்கி எடுத்துக் காரணம் தேடுகிறார்கள். என்னுடைய நம்பிக்கை முழுவதும் அந்தச் சந்தேகப் பிராணிகள் போட்ட பிச்சை.

எதிரணியின் மிக வலுவான வாதம் குழந்தையைப் பற்றியது. ஒத்துக்கொள்கிறேன், அதைக் கேட்டபோது கொஞ்சம் ஆடித்தான் போனேன். மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியலாளரின் சோதனையைச் சொன்னார்கள். ஒரு வயதுக் குழந்தை, தாய், பொம்மைகள் உள்ள ஓர் அறை. தாய் அருகே இருக்கும்வரை குழந்தை தவழ்ந்து போய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறது. தாய் வெளியே போனால் விளையாட்டு குன்றிவிடுகிறது. ஆகவே ஆர்வத்துக்கே அடிப்படை, மடி தரும் பாதுகாப்புதான் என்று முடித்தார்கள். பாதிக் கதையில் முடித்துவிட்டார்கள். அந்தச் சோதனையில் பாதுகாப்பான பிணைப்பு உடையதாக எந்தக் குழந்தையைக் கருதினார்கள்? தாயைவிட்டு நகர்ந்து போய்த் தேடி, பயம் வந்தால் திரும்பி வந்து, ஆறுதல் பெற்று, மறுபடியும் தேடப் போன குழந்தையை. தாய் இருக்கும்போதே மடியைவிட்டு இறங்காமல் ஒட்டிக்கொண்டிருந்த குழந்தையிடம் அவர்கள் கண்டது பதற்றம். தாய் திரும்பி வந்த பிறகும் அது எளிதில் சமாதானம் ஆகவில்லை. நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பும் நம்பிக்கையோடு எங்கள் அணிக்குச் சண்டையே கிடையாது. இறங்காதே என்று இறுக்கிப் பிடிக்கிற நம்பிக்கையோடுதான் வழக்கு.

ஆர்வம்தானே அணுகுண்டைச் செய்தது என்று கடைசியாக ஒரு குண்டை வீசினார்கள். உண்மை; அணுவைப் பிளந்ததில் ஆர்வத்துக்குப் பங்கு உண்டு, அந்தப் பழியை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்த ஜோசப் ரோட்பிளாட் என்ற விஞ்ஞானியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜெர்மனி குண்டு செய்யவில்லை என்று தெரிந்ததும், பிறகு நாம் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டு, 1944இன் இறுதியில் அந்தத் திட்டத்தைவிட்டு வெளியேறியவர் அவர். அந்தக் கேள்வியைக் கேட்டு அந்த நேரத்தில் வெளியே வந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்களில் பலர் மேலே இருப்பவர்களுக்குத் தெரியும் என்று நம்பினார்கள்.

நடுவர் மணியை அடித்துவிட்டார். அடுத்து எதிரணித் தலைவர் எழுந்து வருவார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். ஐயா, நீங்கள் உறுதியாகப் பற்றியிருக்கும் நம்பிக்கைகளில் ஏதேனும் ஒன்றை, உங்கள் விருப்பம்போலவே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். எதைக் காட்டினால் அது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? இன்னதைக் காட்டினால் ஒப்புக்கொள்வேன் என்று சொன்னால், எங்கள் தலைவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. தாராளமாக வந்து உட்காரலாம். எதைக் காட்டினாலும் மாற மாட்டேன் என்றால், அப்புறம் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல என்னை எதற்காக அழைத்தீர்கள் என்று நடுவரே உங்களிடம் கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்க நானும் ஆர்வமாக இருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.