ஆலயத்தின் பெயரில் ஓடிய வண்டிகள்

சேகரத் தலைவர் ஐயரவர்களே, சபை மூப்பர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளே, வாலிபர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

'சபையும் சமூக நீதியும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் நாலு வசனத்தை அடுக்கிவிட்டு இறங்கிவிடலாம். நம் மேடைகளில் அதற்குப் பஞ்சமே இல்லை. இன்று ஒரு மாறுதலுக்கு பெட்ரோல், இன்சூரன்ஸ், பொரித்த கோழி இவற்றைப் பற்றிப் பேசப் போகிறேன்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாண்ட்கமரி என்றொரு நகரம். 1955 டிசம்பர் 1 அன்று அங்கே ஒரு பஸ்ஸில், வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானார். கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள், மார்ட்டின் லூதர் கிங் தலைமை தாங்கினார், வென்றார்கள். இவ்வளவும் நம் பிள்ளைகளுக்கே தெரியும். நடுவில் 381 நாட்கள் இருக்கின்றன. தினமும் ஏறத்தாழ 17,500 பேர் அந்தப் பஸ்களில் காலையில் போய் மாலையில் திரும்பியவர்கள். பெரும்பாலும் வீட்டு வேலைக்காரப் பெண்கள், கூலியாட்கள். ஒரு வருஷத்துக்கும் மேலாக இவர்கள் எப்படி வேலைக்குப் போனார்கள்? சபையின் கதை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முதல் அடி எடுத்து வைத்தது போதகர்கள் இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, பார்க்ஸ் கைதான அன்று இரவே கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அடித்து, விடிந்ததும் ஊரெங்கும் சேர்ப்பித்தார். அதன் பிறகுதான் போதகர்கள் கூடினார்கள். அவர்களிலும் சிலர், பெயர் வெளியே வராமல் காரியத்தை நடத்த முடியுமா என்று பார்த்தார்கள். ரயில்வே தொழிலாளர் தலைவர் இ. டி. நிக்சன் அவர்களைக் கடிந்துகொண்ட பிறகே கூச்சம் விலகியது. ஊருக்குப் புதிதாக வந்திருந்த 26 வயதுக் கிங்கைத் தலைவராக்கினார்கள். அவர்கள் முதலில் கேட்டது பஸ்ஸில் இனப் பிரிவினையை ஒழிக்கச் சொல்லிக்கூட இல்லை. டிரைவர்கள் மரியாதையாக நடக்க வேண்டும். கறுப்பர்கள் பின்னாலிருந்தும் வெள்ளையர்கள் முன்னாலிருந்தும் வந்த வரிசைப்படி உட்கார வேண்டும். கறுப்பர் அதிகம் போகும் தடங்களில் கறுப்பின டிரைவர்களும் வேண்டும். இவ்வளவுதான். அதையும் நகராட்சியும் பஸ் கம்பெனியும் மறுத்தன.

முதல் சில நாட்கள் கறுப்பினத்தவரின் டாக்சிகள் பஸ் கட்டணமான பத்து சென்டுக்கே ஆளேற்றின. போலீஸ் அதிகாரி பழைய விதி ஒன்றைத் தூசு தட்டி எடுத்தார்: டாக்சிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட். அந்த வழி அடைபட்டது. கிங், பேட்டன் ரூஜ் நகரப் போதகர் டி. ஜே. ஜெமிசனுக்குத் தொலைபேசியில் பேசினார். 1953-இல் அங்கே நடந்த பஸ் புறக்கணிப்பில், சொந்தக் கார்களில் இலவசமாக ஆளேற்றும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தவர் ஜெமிசன். அவரிடம் கேட்டறிந்ததை, அடுத்த ஆலயக் கூட்டத்திலேயே மேடையில் வைத்தார் கிங். யாரிடம் கார் இருக்கிறது, எந்த நேரத்தில் தர முடியும் என்று கேட்டதும், நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். எந்தத் தெரு முனையில் எத்தனை மணிக்கு வண்டி நிற்கும் என்று அட்டவணை போட்டார்கள்.

சொந்தக் கார் எத்தனை நாள் தாங்கும்? வெளியூர்களிலிருந்து வந்த பணத்தில் ஸ்டேஷன் வேகன் என்னும் பெரிய வண்டிகளை வாங்கினார்கள். அவற்றை ஆலயங்களின் பெயரில் பதிவு செய்து, பக்கவாட்டில் ஆலயத்தின் பெயரை எழுதி ஓட்டினார்கள். உடனே இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலிசியை ரத்து செய்தன. இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி தெருவில் இறங்க முடியாது. கடைசியில் அட்லாண்டாவிலிருந்த ஒரு கறுப்பின முகவர் மூலமாக, கடல் கடந்து லண்டன் லாயிட்ஸில் பாலிசி எடுத்தார்கள். ஆலயக் கமிட்டிக் கூட்டத்தில் இதெல்லாம் சலிப்பூட்டும் விஷயங்கள். அந்தப் போராட்டமோ இவற்றின்மேல்தான் நின்றது.

நம் டயோசீசில் வேன் இல்லாத சேகரம் குறைவு. கன்வென்ஷனுக்கு ஓடுகிறது, கல்யாணத்துக்கு ஓடுகிறது, மிச்ச நாட்களில் ஷெட்டில் நிற்கிறது. இதை இப்போதைக்கு இங்கேயே விடுகிறேன்.

ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளுக்காக ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜார்ஜியா கில்மோர் ஓர் உணவு விடுதியில் சமையல்காரர். அவரும் சில பெண்களும் சேர்ந்து கோழி பொரித்தார்கள், கேக்கும் 'பை' என்னும் பலகாரமும் சுட்டார்கள், சாண்ட்விச் கட்டினார்கள். அவற்றை அழகு நிலையங்களிலும் சலவைக் கடைகளிலும் டாக்சி நிறுத்தங்களிலும் விற்றார்கள். குழுவுக்கு 'எங்கிருந்தோ வந்த சங்கம்' என்று பெயர் வைத்தார்கள். யார் சமைத்தது, யார் வாங்கியது என்பது கில்மோருக்கு மட்டுமே தெரியும். யாராவது கேட்டால் பணம் எங்கிருந்தோ வந்தது, அவ்வளவுதான்! சமைத்த பெண்கள் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள். பெயர் தெரிந்தால் வேலை போய்விடும். ஆலயத்தில் கூட்டம் நடக்கும்போது கில்மோர் முன்னால் வந்து, இந்த வாரம் இவ்வளவு என்று தொகையை அறிவிப்பார். சபை எழுந்து ஆர்ப்பரிக்கும். ஊரின் மறுபக்கத்தில் இன்னொரு பெண்கள் குழு போட்டிக்குக் கிளம்பியது. நம் அசன விருந்துக் கணக்கைப் போலவே, யார் அதிகம் என்பதில் அவர்களுக்கும் ரோஷம்தான். அந்தப் பணம் பெட்ரோலாயிற்று, டயராயிற்று.

1956 மார்ச்சில், புறக்கணிப்பை நடத்தியதற்காகக் கிங்மேல் நடந்த வழக்கில் கில்மோர் சாட்சிக் கூண்டேறினார். காசை வாங்கிக்கொண்டு, பின்வாசலில் ஏறச் சொல்லி, இறங்கி நடப்பதற்குள் பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போன டிரைவரைப் பற்றிச் சொன்னார். வேலை போயிற்று. கிங் கொடுத்த உதவியோடு வீட்டிலேயே சமையல் தொழில் தொடங்கினார்.

கிறிஸ்துமஸுக்கு விதவைகளுக்குச் சேலை கொடுப்பதை நான் குறை சொல்ல வரவில்லை. சேலை வேண்டியதுதான். புகைப்படம்தான் வேண்டாதது. அந்தப் படத்தில் கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம். மாண்ட்கமரியில் நடந்து கால் கடுத்தவளே காணிக்கையும் போட்டாள், சமைத்தாள், கோர்ட்டில் சாட்சியும் சொன்னாள். சபை அவளுக்கு இடத்தையும் வண்டியையும் பெயரையும் கொடுத்தது. கல்லறைத் தோட்டத்தில்கூட சாதி பார்த்துச் சுவர் எழுப்பிய வரலாறு நமக்கு உண்டு. சமூகப் பணி என்றதும் வெளியே இருப்பவர்களைத் தேடுமுன் இதையும் யோசிக்கலாம்.

1956 நவம்பர் 13 அன்று, இந்தக் கார் ஏற்பாடே சட்டவிரோதம் என்று நகராட்சி தொடுத்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. கிங் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தபோதே, பஸ்களில் பிரிவினை செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்த செய்தி வந்தது. ஆயினும் உள்ளூர் நீதிமன்றம் வண்டிகளுக்குத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றத்தின் ஆணை ஊர் வந்து சேர டிசம்பர் 20 ஆயிற்று. இடைப்பட்ட ஐந்து வாரமும் ஆலய வண்டியும் இல்லாமல் மக்கள் தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டார்கள், நடந்தார்கள்.

ஆலயச் சொத்துக்கு ஆபத்து வராதா என்று உங்களில் சிலர் மனத்துக்குள் கேட்பது தெரிகிறது. வரும். கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. கறுப்பினச் சபையில் ஊழியம் செய்த வெள்ளையரான போதகர் ராபர்ட் கிரெட்ஸ் தம் காரில் ஆளேற்றினார். அவர் வீட்டுக்கும் குண்டு வந்தது. 1957 ஜனவரி 10 அன்று ஒரே இரவில் நான்கு ஆலயங்கள் தாக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, கிங்கின் தோழரான போதகர் ரால்ஃப் அபர்நாதியின் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் ஆலயம். சபையார் ஆளுக்கொரு செங்கலாகக் கொண்டுவந்து சேர்த்துக் கட்டியது. பழுது பார்த்து மறுபடியும் திறந்தார்கள். 1961 மே மாதம், வெளியூர் பஸ்களிலும் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பயணம் செய்த 'சுதந்திரப் பயணி'களுக்கு ஆதரவாக அங்கே கூடிய ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒரு கும்பல் இரவு முழுக்க வளைத்துக்கொண்டது. அப்போதும் அந்த ஆலயம் கூட்டங்களுக்குக் கதவை மூடவில்லை.

நேரமாகிவிட்டது. கேள்விகளுக்குப் போகலாம். வேன் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பொருளாளர் ஏற்கெனவே கையைத் தூக்கிவிட்டார்.