முதல் கவளத்தோடு ஒரு கேப்சூல்: கணைய நொதிக் குறைபாடும் அதன் மாதச் செலவும்

[காட்சி: கல்யாணப் பந்தி. விரித்த வாழையிலை. தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் இரண்டு கேப்சூல்கள்.]

என் அண்ணனுக்கு நாட்பட்ட கணைய அழற்சி இருக்கிறது. பந்தியில் இலை போட்டவுடன் அவர் செய்யும் முதல் வேலை, கணையம் சுரக்கத் தவறும் செரிமான நொதிகள் அடங்கிய இரண்டு கேப்சூல்களைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான். பருப்பும் நெய்யும் பிசைந்த சோற்றின் முதல் கவளத்தோடு ஒன்றை விழுங்குவார். ரசம் பரிமாறும்போது இன்னொன்று. பாயசம் உண்டென்று தெரிந்தால் மூன்றாவது ஒன்றும் பையில் இருக்கும்.

இந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. தொடக்கத்தில் அவர் போன இடத்தில், மற்ற மாத்திரைகளைப் போலவே இதையும் காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவரும் அப்படியே சாப்பிட்டார். மருந்துக் கடைக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருந்தது. எடையோ ஏறவே இல்லை. கையிலிருக்கும் பணத்துக்கு முழுப் பலன் கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் காணொளியைத் தயாரித்திருக்கிறேன்.

[காட்சி: வயிற்றின் படம். இரைப்பைக்குப் பின்னால் கணையம்.]

இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் கணையத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. இன்சுலினை இரத்தத்தில் கலப்பது ஒன்று. செரிமான நீரைக் குடலுக்குள் சுரப்பது மற்றொன்று. அந்த நீரில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ், கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் ஆகிய நொதிகள் உள்ளன. என்சைம் என்று நாம் சொல்வது இவற்றைத்தான். முதல் இரண்டுக்கும் உமிழ்நீரும் இரைப்பையும் குடற்சுவரும் ஓரளவு கைகொடுக்கின்றன. லைப்பேஸுக்கு அப்படிப் பெரிய துணை இல்லை. அதனால்தான் கணையம் பழுதடையும்போது முதலில் கொழுப்புதான் செரிக்காமல் நின்றுபோகிறது.

நலமான கணையம் தேவைக்கு மிக அதிகமாகவே லைப்பேஸைச் சுரப்பதால், சுரக்கும் திறனில் ஏறக்குறைய 90 சதவீதம் போன பிறகே மலத்தில் எண்ணெய் வெளிப்படையாகத் தெரியத் தொடங்குகிறது. மலம் வெளிறி, மிதந்து, கடுமையாக நாற்றமடித்து, இரண்டு மூன்று வாளித் தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரின் மேல் எண்ணெய்த் துளிகள் மினுங்கும். இதை வீட்டில் சொல்லவே கூச்சப்பட்டுப் பல மாதங்களைக் கடத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவரிடம் தயவுசெய்து இதே சொற்களில் சொல்லிவிடுங்கள். எண்ணெயே சேர்க்காமல் கஞ்சி மட்டும் குடித்து வருபவர்களுக்கு இந்த அடையாளம் தெரியாமலே போகலாம். அவர்களிடம் எடைக் குறைவு, உப்புசம், அந்திப் பொழுதில் பார்வை மங்குதல், இலேசான அடிக்கே தோல் கன்றிப்போதல் போன்றவைதான் துப்புக் கொடுக்கும்.

நாட்பட்ட கணைய அழற்சி, கணையப் புற்றுநோய், கணையத்தின் ஒரு பகுதியை அகற்றிய அறுவை சிகிச்சை, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவி நோய் ஆகியவை இந்தக் குறைபாட்டின் முக்கியக் காரணங்கள். மது இதில் பெரும்பங்கு வகிக்கிறது. ஆனால் கணைய நோய் என்றாலே குடிகாரர் என்று முடிவுகட்டும் பழக்கம் நம் ஊரில் நோயாளிகளைப் பெரிதும் புண்படுத்துகிறது. தென்னிந்தியாவில், மதுவைத் தொட்டே பார்க்காத இளைஞர்களுக்கும் சிறுவர்களுக்கும் வரும் வெப்பமண்டலக் கணைய அழற்சி என்ற வகை உண்டு. கணையக் குழாயில் பெரிய கற்கள் உருவாவதும், பின்னர் சர்க்கரை நோய் வருவதும் அதன் இயல்பு. கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இத்தகைய நோயாளிகளை நூற்றுக்கணக்கில் ஆராய்ந்து பதிவு செய்தார். மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள், அது நிறுவப்படவில்லை. இந்திய நோயாளிகளில் கணிசமானவர்களிடம் ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது 2002-ஆம் ஆண்டளவில் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது. என் அண்ணன் மதுவைத் தொட்டதில்லை. அதை அவர் எத்தனை பேரிடம் சொல்லி மன்றாட வேண்டியிருந்தது என்பதை நான் கூடவே இருந்து பார்த்தவன்.

நொதிக் குறைபாட்டை உறுதிசெய்யப் பெரும்பாலும் மலத்தில் எலாஸ்டேஸ் என்னும் நொதியை அளக்கிறார்கள். ஒரு கிராம் மலத்தில் 100 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைபாட்டுக்கு அது வலுவான சான்று. 100 முதல் 200 வரை உறுதியாகச் சொல்ல முடியாத இடைநிலை. இந்தப் பரிசோதனையின் கட்டணம் குறைவானதல்ல என்பதால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தண்ணீராகப் போகும் நாளில் மாதிரி கொடுத்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். கெட்டியாகவோ பாதிக் கெட்டியாகவோ போகும் நாள் வரை காத்திருந்து கொடுங்கள். நொதிக் கேப்சூல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இந்தப் பரிசோதனையின் முடிவு மாறாது. அதற்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை.

[காட்சி: வெள்ளைத் தாளின் மேல் ஒரு கேப்சூல் திறக்கப்படுகிறது. கேழ்வரகைவிடச் சிறிய, பழுப்பு நிற மணிகள் உருண்டு ஓடுகின்றன.]

இந்த மணிகளைக் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. இரைப்பையின் அமிலம் லைப்பேஸை அழித்துவிடும் என்பதால், அமிலத்தில் கரையாமல், அமிலத்தன்மை குறைந்த சிறுகுடலுக்குப் போன பிறகே கரையும்படி இதைச் செய்திருக்கிறார்கள். உணவோடு கலந்து, உணவு நகரும் வேகத்திலேயே நகர்வதற்காகத்தான் மணிகள் இத்தனை சிறியவையாக இருக்கின்றன. வெறும் வயிற்றில் விழுங்கினால் அவை செரிக்க எதுவும் இல்லை. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து விழுங்கினால் உணவின் ஒரு பகுதி ஏற்கெனவே தாண்டிப் போயிருக்கும். ஆகவே முதல் கவளத்தோடு தொடங்கி, ஒன்றுக்கு மேற்பட்ட கேப்சூல்கள் இருந்தால் சாப்பாட்டின் இடையில் பிரித்து விழுங்க வேண்டும். மணிகளை மெல்லவும் பொடிக்கவும் கூடாது. கேப்சூலை விழுங்க முடியாதவர்கள் அதைத் திறந்து, புளிப்புள்ள தயிரிலோ ஆப்பிள் மசியலிலோ ஒரு கரண்டி அளவில் கலந்து உடனே விழுங்கலாம். பாலிலும் சூடான கஞ்சியிலும் கலக்கக் கூடாது. அங்கேயே பூச்சு கரைந்துவிடும்.

அளவு என்பது கேப்சூலின் எண்ணிக்கை அன்று, அதிலுள்ள லைப்பேஸ் யூனிட்டுகள். பெரியவர்களுக்குப் பொதுவாகப் பெரிய வேளை ஒவ்வொன்றுக்கும் 40,000 முதல் 50,000 யூனிட்டும், இடையில் கொறிக்கும் சிற்றுண்டிக்கு அதில் பாதியும் கொடுத்துத் தொடங்கி, தேவைக்கேற்ப மருத்துவர் கூட்டுவார். குழந்தைகளுக்கு எடையை வைத்துக் கணக்கிடுவார்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு. அதற்கும் மேல் மிக அதிக அளவில் கொடுத்தபோது சில குழந்தைகளுக்குப் பெருங்குடல் சுருங்கிப்போனதிலிருந்து வந்த வரம்பு அது.

இனிக் காசுக் கணக்கு. 25,000 யூனிட் கேப்சூல் என்றால் மூன்று வேளைக்கு ஆறு, இரண்டு சிற்றுண்டிக்கு இரண்டு, ஆக நாளொன்றுக்கு எட்டு, மாதத்துக்கு 240. கணக்குக்காகக் கேப்சூல் ஒன்று 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 12,000 ரூபாய். உங்கள் ரசீதில் உள்ள விலையைப் போட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். இது தினக்கூலிக் குடும்பத்தால் தாங்கக்கூடிய தொகையா? இல்லை. அதனால்தான் எட்டு நான்காகவும், நான்கு இரண்டாகவும் குறைகிறது. பாதி அளவு சாப்பிடும்போது மருந்துக்குக் கொடுத்த பணத்தோடு, அரிசிக்கும் எண்ணெய்க்கும் முட்டைக்கும் கொடுத்த பணத்தில் ஒரு பங்கும் உடம்பில் சேராமல் வெளியேறிவிடுகிறது. எனவே கேப்சூலைக் கடைசியாகக் குறைக்க வேண்டும். அதற்கு முன் குறைப்பதற்கு வேறு பல செலவுகள் இருக்கின்றன.

முதலில் நிறுத்த வேண்டியது, செரிமானத்துக்கென்று விற்கப்படும் சிரப்புகள். பூஞ்சையிலிருந்து எடுத்த, மாவுச்சத்தை உடைக்கும் டயாஸ்டேஸும், புரதத்தை உடைக்கும் பெப்சினும் சேர்ந்த அவற்றில் பெரும்பாலானவற்றில் லைப்பேஸே கிடையாது. கணையம் சுரக்காதவருக்கு அவற்றால் பயனில்லை. அடுத்து, கடைக்காரரிடம் அட்டையின் விலையைக் கேட்பதோடு நிறுத்தாமல், 10,000 யூனிட்டுக்கு என்ன விலை விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். 10,000 யூனிட் கேப்சூல் 25 ரூபாய்க்கும் 25,000 யூனிட் கேப்சூல் 50 ரூபாய்க்கும் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டாவதில் 10,000 யூனிட்டுக்கு 20 ரூபாய்தான் ஆகிறது. வேறு நிறுவனத்தின் மலிவான தயாரிப்புக்கு மாறலாம். ஆனால் அட்டையில் லைப்பேஸ் யூனிட் அச்சிடப்பட்டிருக்கிறதா, அமிலத்தில் கரையாத பூச்சு உண்டா என்று பார்த்து, மருத்துவரிடம் காட்டிவிட்டு மாறுங்கள். இந்த எச்சரிக்கை தேவையற்றதன்று. அமெரிக்காவிலேயே இந்த மருந்துகளின் வீரியம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுபடுகிறது என்பதால்தான், எல்லாத் தயாரிப்பாளர்களும் முறையான ஒப்புதல் பெற வேண்டும் என்று அந்நாட்டு மருந்து ஆணையம் 2004-இல் உத்தரவிட்டது. கிரியான் என்ற பெயரில் விற்கப்படும் நொதிக் கேப்சூல் அங்கே அந்த ஒப்புதலைப் பெற்றது 2009-இல்தான்.

வெயிலும் ஈரமும் இந்த நொதிகளைக் கெடுக்கும் என்பதும் செலவோடு சேர்ந்த விஷயம்தான். அடுப்புக்கு மேலுள்ள அலமாரியிலும், வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியிலும் வைத்த மருந்து பாதி செத்த மருந்து. மூடியை இறுக்கி, வீட்டில் மிகக் குளிர்ச்சியான அறையில் வையுங்கள். கோடையில் மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கிச் சேர்க்க வேண்டாம்.

[காட்சி: அரசு மருத்துவமனையின் மருந்து வழங்கும் சாளரம்.]

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும் அறுவைக்கும்தான் உதவும். தினமும் சாப்பிடும் கேப்சூலுக்கு அது கைகொடுக்காது. ஆகவே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இரைப்பை குடல் பிரிவில் பதிவு செய்துகொண்டு, இந்த மருந்து இருப்பில் உண்டா, வரவழைத்துத் தர முடியுமா என்று துறை மருத்துவரிடமே கேளுங்கள். முதல்வர் மருந்தகங்களிலும் விசாரியுங்கள். மக்கள் மருந்தகத்தில் கிடைக்கிறதா என்பதை ஜன் ஔஷதி சுகம் செயலியில் வீட்டிலிருந்தே தேடலாம். அங்கே கிடைக்கவில்லை என்றாலும் ஒரு வழி உண்டு. சர்க்கரை நோயும் இருந்தால் இன்சுலினை அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பெறுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது வீட்டுக்கே வருகிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும் வைட்டமின்களையும் அரசு மருத்துவமனையிலோ மலிவு மருந்தகத்திலோ வாங்கிக்கொண்டு, கையில் மிஞ்சும் ரொக்கத்தை நொதிக்கென்று ஒதுக்குங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் சமாளிக்கிறோம். கேப்சூலை ஒழுங்காகச் சாப்பிட்டும் பலன் போதாதவர்களுக்கு, அந்த அமில மாத்திரையைச் சேர்ப்பதே உதவக்கூடும் என்பதால் அதைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்த மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நியாயம். சைவ உணவினருக்கும் இஸ்லாமியருக்கும் இது எளிய விஷயமன்று. பின்னாளில் தெரிந்து மருந்தையே நிறுத்திவிடுவதைவிட, தொடக்கத்திலேயே பேசி முடிவெடுப்பது நல்லது. இதற்கு இணையான பலன் தரும் சைவ மாற்று இன்றுவரை நிலைபெறவில்லை. வேறு வழியில்லாதபோது உயிர்காக்கும் மருந்தாக ஏற்கலாம் என்று கருதும் இஸ்லாமிய அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள். நீங்கள் மதிக்கும் பெரியவரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, எண்ணெயை அறவே விட வேண்டும் என்ற பழைய அறிவுரையை மருத்துவர்கள் இப்போது சொல்வதில்லை. வழக்கமான கொழுப்புள்ள உணவைச் சிறு சிறு வேளைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நொதியோடு சாப்பிடுவதுதான் முறை. தவிடும் நார்ச்சத்தும் மிக அதிகமானால் நொதியின் வேலையைத் தடுக்கும். மதுவையும் பீடி, சிகரெட்டையும் முற்றாக விட்டுவிட வேண்டும். கொழுப்போடு சேர்ந்தே உடம்பில் சேரும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களின் அளவை ஆண்டுக்கு ஒருமுறையும், எலும்பின் அடர்த்தியை மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் ஓர் ஆபத்தை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நொதியைத் தொடங்கியதும் உணவு உடம்பில் சேர்வதால் சர்க்கரை ஏறலாம். இன்சுலின் அளவை மாற்ற வேண்டி வரும். அப்படி மாற்றிய பிறகு, இன்சுலினைப் போட்டுக்கொண்டு கேப்சூலை மட்டும் விட்டுவிட்டால், சாப்பிட்டது சேராமல் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும். கேப்சூல் தீர்ந்துபோகும் நிலை வந்தால் இன்சுலின் அளவு குறித்து அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.

[காட்சி: பள்ளி நோட்டு ஒன்று. தேதி, உணவு, கேப்சூல், மலம், எடை என்று கோடு போட்ட பத்திகள்.]

அண்ணன் இந்த நோட்டை ஐந்தாவது ஆண்டாக எழுதி வருகிறார். சென்ற முறை மருத்துவர் இதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எண்ணெய் மிதந்த நாட்களின் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்தார். அத்தனையும் காலையில் வெண்பொங்கலும் வடையும் சாப்பிட்ட நாட்கள். மாத்திரைச் சீட்டில் வேறு எதையும் அவர் தொடவில்லை. பொங்கல் வைக்கும் காலைகளுக்கு மட்டும் ஒரு கேப்சூலைக் கூட்டி எழுதினார்.