பூவின் முகத்தை விடுங்கள், முதுகைப் பாருங்கள்

அவையோருக்கு வணக்கம். காட்டு ஆர்க்கிட்களைக் களத்தில் இனம் காண்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். பேசுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். பூக்கடையில் கண்ணாடித்தாள் உறைக்குள் நிற்கும் அந்த ஊதா நிறப் பூங்கொத்தை இன்று ஒரு மணி நேரம் மறந்துவிடுங்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஆர்க்கிட்களில் பல, பச்சையும் வெளிர்மஞ்சளும் மங்கிய வெள்ளையுமாக இருப்பவை. ஒபரோனியா என்ற பேரினத்தில் ஒரு பூ இரண்டு மில்லிமீட்டர் இருந்தாலே பெரிது. நிறத்தையும் அழகையும் தேடிப் போகிறவர் அதைக் காணாமலேயேதான் வருவார்.

கண்ணில் பட்டது ஆர்க்கிட்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெளியில் மூன்று புல்லி இதழ், உள்ளே மூன்று அல்லி இதழ். அந்த உள்ளிதழ்களில் ஒன்று மட்டும் மற்ற இரண்டையும் ஒத்திருக்காது; அதை உதடு என்கிறோம். பூவின் நடுவே மகரந்தத்தாளும் சூலகத்தண்டும் தனித்தனியாக நிற்காமல் ஒரே தூணாக ஒட்டியிருக்கும். உதடும் தூணும் இருந்தால் அநேகமாக ஆர்க்கிட்தான்.

பூ இல்லாத காலத்தில் என்ன செய்வது? செடி நிற்கும் இடத்தைப் பாருங்கள். மரக்கிளையில் பச்சையாக எதைக் கண்டாலும் புல்லுருவி என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. புல்லுருவி மரத்துக்குள் வேரைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. அதன் வேர் பட்டையின் மேலே படர்ந்திருக்கும். காய்ந்தபோது வெள்ளை, தண்ணீர் பட்டதும் பச்சை. குப்பியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

இதற்கு மலை ஏற வேண்டும் என்றுகூட இல்லை. சமவெளியின் பழைய மாமரங்களில் இரண்டு ஆர்க்கிட்கள் சாதாரணமாக வளர்கின்றன: வாண்டா டெசெல்லேட்டா, அகாம்பே ப்ரீமோர்ஸா. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அருகே போங்கள். வாண்டாவின் இலை குறுகலானது, நடுவில் மடிந்து வளைந்து நிற்கும், நுனி கூராகப் பல் பல்லாக இருக்கும். அகாம்பேயின் இலை அகலமானது, தோல் போலத் தடித்தது, நுனி மழுங்கி இரண்டாகப் பிரிந்திருக்கும். பூத்துவிட்டால் சந்தேகமே இல்லை. வாண்டாவின் பூ பெரியது, கட்டம் கட்டமாகப் பழுப்புக் கோலம், நீலம் கலந்த உதடு. அகாம்பேயில் சிறு மஞ்சள் பூக்கள், குறுக்கே செம்பழுப்புக் கோடுகள், நெருக்கமான கொத்து.

இனி இன்றைய பேச்சின் மையத்துக்கு வருகிறேன். என்னிடம் காட்டப்படும் படங்களில் ஏறக்குறைய எல்லாமே பூவை நேருக்கு நேர் பார்த்து எடுத்தவை. அழகான படங்கள், ஆனால் இனம் சொல்லப் பெரும்பாலும் உதவாது. காரணம், அடையாளத்தின் பாதி பூவின் பின்னால் இருக்கிறது. உதட்டின் அடியிலிருந்து குழாய் போலவோ பை போலவோ நீளும் பகுதியை, தேன்குழலைச் சொல்கிறேன்.

அசாமின் மாநில மலரான ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூஸா நம் மலைகளிலும் உண்டு; இளஞ்சிவப்புப் புள்ளியிட்ட வெள்ளைப் பூக்கள் நீண்ட சரமாகத் தொங்கும். ஏரிடிஸ் பேரினமும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சரமாகப் பூப்பதுதான். முன்பக்கப் படத்தை வைத்துக்கொண்டு வாதாடிப் பயனில்லை. பக்கவாட்டில் பாருங்கள்: ஏரிடிஸின் தேன்குழல் முன்னோக்கி வளையும், ரிங்கோஸ்டைலிஸில் அது பக்கங்கள் தட்டையான பையாகப் பின்னோக்கி நிற்கும். வழக்கு முடிந்தது.

தரையில் வளர்பவற்றில் இது இன்னும் முக்கியம். மழை தொடங்கியதும் கிழங்கிலிருந்து முளைக்கும் ஹபனேரியா இனங்கள் பலவும் வெள்ளை அல்லது பச்சைப் பூ கொண்டவை. ஹபனேரியா லாங்கிகார்னிகுலேட்டாவின் தேன்குழல் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் நீளும். வேறு இனங்களில் சூலகத்தைவிடக் குட்டையாகவே நின்றுவிடும். உதடு எத்தனையாகப் பிளந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீலகிரிப் புல்வெளியில் இளஞ்சிவப்புக் கதிராக நிற்கும் சாட்டிரியம் நேபாலென்ஸ் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது விதிகளை மீறுகிறது. பெரும்பாலான ஆர்க்கிட் பூக்கள் மொட்டிலேயே அரைச்சுற்றுத் திரும்பி உதட்டைக் கீழே கொண்டுவரும். சாட்டிரியம் திரும்புவதில்லை, உதடு மேலே குடையாக நிற்கும், பின்னால் தேன்குழல் ஒன்றுக்கு இரண்டு.

ஆகவே படம் எடுப்பவர்கள் முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இலை நுனி, தண்டின் அடி, செடி நிற்கும் மரமோ மண்ணோ, அளவுக்கு அருகில் ஒரு ஸ்கேல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இது புதிய யோசனை அல்ல. 1838 முதல் 1853 வரை தாவரவியலாளர் ராபர்ட் வைட் வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத்தொகுதிகளுக்கு ரங்கையா, கோவிந்து என்ற நம் ஓவியர்கள் வரைந்தார்கள். முழுச் செடியை வரைந்ததோடு நிற்காமல், பூவைப் பிரித்து, உதட்டையும் தூணையும் பெரிதாக்கித் தனியே காட்டினார்கள். அதனால்தான் அந்தப் படங்கள் இன்றும் பயன்படுகின்றன. வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். பிற்காலத் தாவரவியலார் அதை ட்ரோபிடியா என்ற வேறொரு பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள் என்பது எனக்குச் சிறு வருத்தம்.

பறித்துவந்து வீட்டில் வைத்துப் பார்க்கலாமே என்று யாராவது கேட்பார்கள். தூசி போன்ற ஆர்க்கிட் விதையில் உணவுச் சேமிப்பு கிடையாது. மண்ணிலோ பட்டையிலோ உள்ள பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் காட்டில் முளைக்கும். ஒரு செடி போனால் அந்த இடத்தில் இன்னொன்று வருவது எளிதல்ல. உயிருள்ள செடிகளைப் பார்த்துப் பழக ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

அகத்தியமலைப் பகுதியில் மட்டும் வளரும் பாபியோபெடிலம் ட்ரூரி என்ற மஞ்சள் செருப்புப்பூ ஆர்க்கிட் அருகிப்போனதில் சேகரிப்பாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று அந்தப் பேரினம் முழுவதற்கும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பாதுகாப்பு இருக்கிறது. ஆனாலும் நம் கைப்பேசி எடுக்கும் படத்துக்குள் அந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கலாம். அரிய செடி என்று தெரிந்தால் படத்தைப் பகிரும் முன் அமைப்புகளில் போய் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். மாவட்டத்தின் பெயரைச் சொன்னால் போதும். பாறையின் பெயர் வேண்டாம்.